மலையைப் பார்க்குமுன் மனிதரைப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பெங்களூரில் இருந்து வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் மலைகளை நோக்கிப் பறக்கின்றன. நந்தி மலை, சாவனதுர்கா, சிவகங்கை, ஸ்கந்தகிரி என்று இந்த நகரைச் சுற்றி மலைகளுக்குப் பஞ்சம் இல்லை. நல்ல பழக்கம்தான். ஆனால், "எந்த மலைக்குப் போகலாம்?" என்று கேட்கிற நாம், "யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்பது இல்லை. வினை அங்கேதான் தொடங்குகிறது.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். உறவினர்கள் 14 பேர், ஒரு வேன். அக்காள் மகன்கள் இருவரும் "சாவனதுர்காதான் வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மாகடிக்கு அருகில் உள்ள அந்த மலை, ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைப்பாறை மலைகளில் ஒன்று. கடல் மட்டத்தில் இருந்து 1,226 மீட்டர் உயரம். கோவில் மலை போல படிக்கட்டு கிடையாது. மொட்டைப் பாறையில் கால் பதித்து ஏற வேண்டும்.

பையன்கள் ஆடு போல ஏறிப்போய் விட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ள என் அத்தான், வெட்கப்பட்டுக் கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறினார். பாதி மலையில் நின்றுவிட்டார். மேலே போகவும் முடியவில்லை. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. வெயில் ஏற ஏற பாறை சுட்டது. உட்கார்ந்தபடியே அங்குலம் அங்குலமாக அவரை இறக்கிக் கொண்டுவர 2 மணி நேரம் ஆயிற்று. முழங்கால் வலிக்காரரான என் மாமியார், அடிவாரக் கோவில் வாசலில் புளியோதரைப் பாத்திரத்துடன் காலையில் இருந்து தனியாக உட்கார்ந்து இருந்தார். "எல்லோரும் பத்திரமா வந்தீங்களே, அது போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது.

குற்றம் மலையின் மீது இல்லை. ஆளுக்குப் பொருந்தாத மலையைத் தேர்ந்தெடுத்த என் மீதுதான்.

பழனி காட்டும் வழி

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பழனியைப் பாருங்கள். கால் வலு உள்ளவருக்குப் படிக்கட்டு. நிதானமாக நடப்பவருக்கு யானைப்பாதை. முடியாதவருக்கு 1966-ல் வந்த விஞ்சு. 2004-ல் வந்த ரோப் கார். ஒரே மலை, நான்கு வழி. ஆனால் எல்லோரும் சேருவது ஒரே சன்னதியில்!

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடும் ஊர்களிலும் இதே ஏற்பாடுதான். சரிவுகளுக்கு வர்ணம் கொடுத்து இருக்கிறார்கள். நீலம் என்றால் சுலபம். சிவப்பு என்றால் நடுத்தரம். கறுப்பு என்றால் கைதேர்ந்தவருக்கு மட்டும். ஒரு குடும்பத்தில் மூன்று தரத்தாரும் இருந்தால், மூன்று விதச் சரிவும் உள்ள ஊராகப் பார்த்துப் போகிறார்கள். காலையில் அவரவர் சரிவு. மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பாடு. நம் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும், புதிதாகப் பழகுகிறவர் ஊரை ஒட்டிய மைதானத்தில் சறுக்குகிறார். தேர்ந்தவர் கம்பிவட வண்டியில் அபர்வத் மலைக்குப் போகிறார்.

பெங்களூர்க்காரருக்கு அப்படி ஒரு மலை நந்தி. அடிவாரத்தில் இருந்து 1,000-க்கு மேற்பட்ட பழைய படிகள் உண்டு. உச்சி வரை தார் ரோடும் உண்டு. அடுத்த முறை நாங்கள் அங்கேதான் போனோம். பையன்களும் நானும் படி ஏறினோம். பெரியவர்கள் வேனில் வந்தார்கள். 9 மணிக்கு யோக நந்தீசுவரர் கோவில் வாசலில் எல்லோரும் சந்தித்தோம். அன்று புளியோதரை மிஞ்சவில்லை!

நாலு விஷயங்கள்

ஆகவே, கிளம்புமுன் நாலு விஷயங்களை யோசியுங்கள்.

கூட்டத்தில் மிகவும் முடியாதவர் யாரோ, அவரை வைத்து மலையைத் தேர்ந்தெடுங்கள். "நானும் வருகிறேன்" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். சங்கடத்தில் சொல்வார்.

அதற்காக இளைஞர்களைக் கட்டிப்போடவும் வேண்டாம். இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதை தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். யாரும் தனியே போகக் கூடாது. 2022 பிப்ரவரியில், நந்தி மலையை ஒட்டிய பிரம்மகிரியில் தவறி விழுந்த 19 வயது மாணவரை விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. வயது மட்டும் காப்பாற்றாது.

சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உச்சி எட்டாவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால் நழுவும்.

மலைக்குப் போகும் வழியையும் பாருங்கள். மாகாளிதுர்காவில் பலர் தண்டவாளத்திலேயே நடந்து போகிறார்கள். ரெயில்வே குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம்; 6 மாதம் வரை ஜெயில் கிடைக்கலாம். அதைவிட முக்கியம், பின்தங்கி வரும் குழந்தைக்கும் கிழவிக்கும் ரெயில் ஒதுங்கிப் போகாது.

சர்க்காருக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மலை அடிவாரத்திலும் ஒரு பலகை வையுங்கள். படியா, பாறையா, எத்தனை மணி நேரம், தண்ணீர் உண்டா என்று எழுதி, நீலமோ, சிவப்போ, கறுப்போ ஒரு வர்ணம் அடித்து விடுங்கள். பல பாஷைக்காரர்கள் வாழும் ஊர் இது. எழுத்து தெரியாதவருக்கும் வர்ணம் புரியும். பெயிண்டுக்கு ஆகும் செலவு அதிகம் இல்லை. பாறை நடுவில் ஒரு மனிதர் நடுங்கி நிற்பதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.