கையொப்பமும் அடிமைச் சீட்டும்

தாம்பரத்தில் 1984-ம் வருஷம் ஏற்றுமதித் தொழில் வட்டாரம் ஏற்பட்டது முதல் தென் சென்னைப் புறநகரங்களில் பிழைப்புத் தேடி வரும் வாலிபர்களும் பெண்களும் பெருகி விட்டனர். வேலை கிடைத்த சந்தோஷத்தில், நீட்டிய காகிதத்தைப் படியாமலே கையொப்பமிடுகிறார்கள். அக்காகிதமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது!

இத்தனை வருஷத்திற்குள் விலகினால் இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்தே அதில் முக்கியமானது. விலக நினைப்பவரைப் "போலீஸில் ஒப்படைப்போம்" என்று மிரட்டும் முதலாளிகளும் உண்டு. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் அவனை மூன்று மாதம் வரை சிறையில் தள்ள 1859-ம் வருஷத்திய சட்டம் இடங்கொடுத்தது. அந்த அநியாயச் சட்டத்தை ஒழிக்க 1925-ல் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தை மீறுவது மட்டும் இன்று குற்றமாகாது. அது சிவில் விவகாரமே.

ஆயினும் அந்த ஷரத்து வெறுங் காகிதமென எண்ணுவதும் பிசகு. மூன்று வருஷத்திற்குள் விலகிய அதிகாரியிடம் விஜயா பாங்கு இரண்டு லட்சம் ரூபாய் வசூலித்தது செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பகிரங்க விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டிய பொதுத்துறை பாங்கின் விஷயம் அது. நாலு நாள் பயிற்சி தந்துவிட்டு லட்சக் கணக்கில் கேட்கும் கம்பெனிக்கு அதே நியாயம் பொருந்துமா? ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடே கிடைக்கும். விலகிய பின் போட்டிக் கம்பெனியில் சேரலாகாதென்ற நிபந்தனை 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது.

வக்கீலிடம் செல்ல வேண்டிய சமயம் எது? அசல் சர்ட்டிபிகேட்டுகளை ஈடாகக் கேட்கும்போதே செல்ல வேண்டும். "நீயே ராஜிநாமா எழுதிக் கொடு" என்று நிர்ப்பந்திக்கும்போது அன்றே செல்ல வேண்டும். ராஜிநாமா எழுதியவர், தாம் நீக்கப்பட்டதாகப் பின்னர் ருசுப்படுத்துவது மகா கஷ்டம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. ஆனால் நீக்கப்பட்ட தொழிலாளி வழக்குத் தொடுக்கும் கெடுவை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்தும் விட்டன. இக்குறைப்பை நாம் கண்டிக்கிறோம்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராது இலவச சட்ட உதவி அளிக்க 1987-ம் வருஷத்திய சட்டம் வகை செய்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து விசாரிக்கலாம். தாம்பரம் கோர்ட்டு வக்கீல் நண்பர்கள் வாரம் ஒரு மாலையேனும் இவ்வொப்பந்தங்களைத் தமிழில் படித்துச் சொல்ல முன்வருவார்களா?