பொட்டலமா, பந்தியா?

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். முன்பின் அறியாதவராக வாசலில் வந்து நிற்பவரே விருந்தினர். மாமனும் மச்சானும் வந்து சாப்பிட்டுப் போவது உறவு கொண்டாடுவது, அவ்வளவே. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே விருந்தோம்பலைக் குறிக்கும் 'பிலொக்செனியா' என்ற சொல்லைப் பிரித்தால் அந்நியர்மேல் அன்பு என்று வரும். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அந்நியரை உபசரிக்கச் சொல்கிறது. மத்தேயு 25இல் இயேசு தம்மையே இடமின்றி வந்த அந்நியனாக நிறுத்திக் காட்டுகிறார். ஞாயிறு மாலைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் திரளும் தமிழக, பங்களாதேஷ் ஊழியர்களைச் சிங்கப்பூர்க் கிறிஸ்துவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பது, ஆகவே, அவர்களுடைய விசுவாசத்தின் நடுப்பகுதியைத் தொட்டுக் கேட்பதாகும்.

சபைகள் கைகட்டி நின்றன என்று யாரும் சொல்ல முடியாது. ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயமே, கடல்கடந்து வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்ததுதான். கத்தோலிக்கப் பேராயத்தில் குடியேறிகளுக்கென ஓர் ஆணையம் 1998 முதல் இருக்கிறது. கிறிஸ்துவ மருத்துவர் கோ வெய் லியோங்கும் நண்பரும் 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் குறைந்த கட்டணத்தில் ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்கிறது. 2020இல் தங்குவிடுதிகள் அடைக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரைக் கொவிட் தொற்று பிடித்தபோது உணவும் உடையும் கொண்டு சேர்த்த கைகளில் கிறிஸ்துவர்களின் கைகளும் இருந்தன. இவையெல்லாம் நல்லவை. ஆனாலும் பெரும்பாலான உதவி பொட்டலமாகவே போகிறது. பொட்டலம் வாங்கியவர் நகர்ந்துவிடுவார். பந்தியில் உட்கார்ந்தவரோ பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், எவ்வளவு கடன், கடைசியாகச் சம்பளம் எப்போது வந்தது என்பதெல்லாம் இலையின் முன்தான் வெளிவரும். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் திருப்பிக் கொடுக்க முடியாதவர்களை விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் இயேசு. சோறு கொடுத்தனுப்பும்படி அங்கே அவர் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கஃப் ரோடு திட்டத்தைப் பாருங்கள். மதச்சார்பற்ற டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் நடத்தும் இலவசச் சாப்பாடு அது. அங்கே வரிசையில் நிற்பவர்களுள் பலர் வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்காகவோ, வராத சம்பளத்துக்காகவோ வழக்குப் போட்டவர்கள். வேலை அனுமதி ரத்தாகி, வழக்குக்காகத் தங்கவிடும் ஸ்பெஷல் பாஸில் இருப்பவர்கள். வழக்கு முடியும்வரை பொதுவாக வேலை செய்யக்கூடாது. பசிக்குக் காரணம் பஞ்சமல்ல, சம்பள நிலுவை. உபாகமம் 24ஆம் அதிகாரம் இதை நேராகவே சொல்கிறது: கூலியாள் சொந்த இனத்தவனானாலும் அந்நியனானாலும் அவன் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் மாதச் சம்பளத்துக்கு 7 நாள் தவணை தருகிறது; மோசேயின் சட்டம் சூரிய அஸ்தமனத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அந்நியரிடம் அன்பு என்பது முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. சோறு அதற்குப் பிறகு.

அவர்கள் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள், விருந்தாளிகளா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன வசனம் பேசுவதே கூலிக்கு வந்த அந்நியனைப் பற்றி. ஒப்பந்தம் கடமையைக் கூட்டுகிறதே தவிரக் கழிப்பதில்லை. கூட்டம் சேர்ந்தால் ஆபத்து என்பார் சிலர். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தை நினைவூட்டுவார்கள். ஆனால் 2008இலேயே சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பாளர்கள் தங்கள் பேட்டையில் ஊழியர் விடுதி வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். விடுதிக்கெனத் தனிச் சாலையே போட வேண்டியதாயிற்று. அச்சம் கலவரத்துக்கு முந்தியது. முகம் தெரியாத இடத்தில்தான் அது வளரும், பக்கத்தில் உட்கார வைத்தால் குறையும்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாப்பாட்டின் மறைவில் மதமாற்றம் நடந்தால்? பல சமயத்தார் நெருங்கி வாழும் ஊரில், 1990இலேயே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் கண்ட நாட்டில், இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. விருந்தைத் தூண்டிலாக்குகிறவர் லூக்கா 14ஐயே மீறுகிறார்; பதிலுக்கு ஓர் ஆத்துமாவை எதிர்பார்ப்பதும் எதிர்பார்ப்புதான். பந்தியில் பிரசங்கம் வேண்டாம். இன்னொரு தயக்கம், சம்பள நிலுவையைப் பேசப்போனால் அரசியலாகிவிடுமோ என்பது. அதற்கும் வரலாறு இருக்கிறது. 1987இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்ட 22 பேரில் கத்தோலிக்கத் தொண்டர்களும் இருந்தார்கள்; கேலாங்கில் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கிய கத்தோலிக்க மையத்தின் பெயரும் அதில் அடிபட்டது. மார்க்சியச் சதி என்றது அரசு. பிடிபட்டவர்களில் பலர் அதைப் பின்னர் மறுத்தார்கள். அந்த வடு சபைகளைப் பொட்டலத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சொல்வதற்கு மேடையோ பதாகையோ வேண்டியதில்லை. குத்தகைக்காரர்களும் கம்பெனி முதலாளிகளும் ஞாயிறுதோறும் ஆலயப் பெஞ்சுகளில் உட்காருகிறார்களே, அவர்களிடம் பேசினாலே போதும்.

ஆராதனை முடிந்து பந்தி விரிக்கும் சபைகள் ஊழியர்களையும் அதற்கு அழைக்கட்டும். அவர்களுக்கென மூலையில் தனி மேசை போடாமல், அந்த முதலாளிகளின் பக்கத்து நாற்காலியைக் கொடுக்கட்டும்.