போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கிற நேரத்தில் நாம் பேசுகிற வைத்தியம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தச் சண்டை. உடம்பில் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கிறதா? "காணாக்கடிங்க. வெத்தலையில ரெண்டு மிளகு வெச்சு மெல்லச் சொல்லுங்க, மந்திரிச்சு உடுங்க, காலையில போயிரும்." போயும்விடுகிறது. அந்தத் தடிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒரு நாளுக்குள் அமுங்கிவிடும். நல்ல பேர் வெற்றிலைக்குப் போய்ச் சேருகிறது. அமுங்காத ஒன்று வரும்போதும் நம் கை வெற்றிலையைத்தான் தேடுகிறது.

அந்த ஒன்று எப்படி இருக்கும்? தோட்டத்தில் விளையாடப் போன பிள்ளையைக் குளவி கொட்டுகிறது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கொட்டின கையோடு நிற்காமல் வயிறு, தொடை, கழுத்து என்று நடுவில் வெளுத்து ஓரம் சிவந்த தடிப்புகள் கிளம்பும். உள்ளங்கை அரிக்கும், உதடு வீங்கும். பிள்ளை இருமும், குரல் கம்மும், வாந்தி எடுக்கும், "தூக்கம் வருதும்மா" என்று துவண்டு சாயும். பெரியவர்களோ கொட்டின இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, "போன வருசம் கொட்டினப்ப ஒண்ணும் ஆகலையே" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன வருசத்துக் கணக்கு இதில் செல்லாது. முதல் முறை கொட்டும்போது உடம்பு அந்த விஷத்துக்கென்றே ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டி வைத்திருக்கலாம். அடுத்த முறை அதே விஷம் வந்து பட்டதும் அவை ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் விழும், மூச்சுக்குழல் சுருங்கும். பிரான்சின் சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பார்த்து 1902-ல் கண்டது இதைத்தான். பழக்கினால் தாங்கும் என்று நினைத்தார்கள். முதல் முறை தப்பித்த நாய், சில வாரம் கழித்து அற்ப அளவு கொடுத்ததும் அரை மணி நேரத்துக்குள் செத்தது. ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. "கொட்டக் கொட்டப் பழகிரும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் நாம் அந்த நாய்க்கும் முந்தின காலத்தில் இருக்கிறோம்.

தடிப்போடு மூச்சுத் திணறலோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால் அது அனாபிலாக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. சிட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சை மீட்காது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வண்டியில் நடுவில் வைத்து ஈரோட்டுக்கோ கரூருக்கோ விரட்டாமல் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்டுத் தேறியதும் "வீட்டுக்குப் போலாங்களா" என்று நர்ஸை நச்சரிக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வருவதுண்டு.

எல்லா ஒவ்வாமையும் நிமிடத்தில் வருவதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரைக் கடைகளில், வைத்த கொஞ்ச நேரத்திலேயே கறுப்பாகப் பிடிக்கிற கோனை வாங்கிப் பிள்ளை கையில் வரைகிறோமே, மருதாணி இலை எங்காவது கறுப்பாகப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக்காகப் பலர் கலப்பது தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வரைந்த பூவின் வடிவிலேயே கொப்புளம் எழும். இது வேறு வகை, டி செல்களின் வேலை. அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பின்னாளில் தலைக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கும். காலிங்கராயன் வாய்க்கால் கரைகளில் மண்டும் பார்த்தீனியத்தால் வருகிற தோல் அழற்சியும் இந்த ரகந்தான். அதைப் பிடுங்க வெறுங்கையோடு பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

மருந்துக்கடையில் வாங்குகிற 'செட்டு' மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டையைக் கத்தரித்து, பேர் தெரியாத நாலு மாத்திரையைக் கவரில் போட்டுத் தருவதை வாங்கிக் கொடுக்கிறோம். தடிப்பு வந்தால் எந்த மாத்திரையால் என்று டாக்டர் கேட்கும்போது காலிக் கவரை நீட்டுவோமா? அட்டையோடு வாங்குங்கள், சாப்பிட்டு முடித்த அட்டையையும் வைத்திருங்கள்.

அட்ரினலினுக்குப் பயப்படுகிற நாம் பத்தியத்தில் மட்டும் கெட்டி. ஒரு முறை தடித்தால் முட்டை, தயிர், கத்திரிக்காய், வாழைப்பழம், கடலைக்காய் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை எலும்பாக்குகிறோம். இங்கிலாந்தில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. சின்னதிலேயே நிலக்கடலைப் பண்டங்களைத் தொடர்ந்து தின்ற பிள்ளைகளில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை, தின்னாதவர்களைவிட ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காக முழுக் கடலையை வாயில் திணிக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். கரப்பான் உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டு அதை மட்டும் நிறுத்துங்கள்.

இந்த வாரமே பிள்ளையின் பள்ளி டைரியில், எது ஒத்துக்காது, வந்தால் என்ன ஆகும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வகுப்பு டீச்சரிடம் காட்டுங்கள். பொம்பளப் பிள்ளை, நாளைக்குச் சம்பந்தம் பேச வரும்போது தெரிந்துவிடும் என்று இன்ஹேலரைப் பீரோவில் ஒளித்து வைக்கிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு மூச்சு திணறும்போது பக்கத்தில் இருக்கப்போவது அந்த டீச்சர்தான், நீங்கள் இல்லை.