வீட்டை விஞ்சும் கடன்

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீட்டு விலைகள் சரிந்து, வீட்டின் பெறுமதியிலும் கூடிய கடனோடு இலட்சக்கணக்கான குடும்பங்கள் நின்றன. யாழ்ப்பாணத்தில் அப்படி நடவாது, இங்கே காணி விலை இறங்குவதில்லை என்பார்கள் நம்மவர்கள். விலை இறங்கத் தேவையில்லை. கடன் ஏறினால் போதுமே!

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 இலட்சம் ரூபா வீடமைப்புக் கடன், 12 சதவீத வட்டி, 15 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 60,000 ரூபா. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்கு உடன்பட்டவரின் வீதம் 24 ஆகிவிட்டால், மாத வட்டி மட்டுமே ஓரிலட்சம். அவர் பழைய 60,000 ரூபாவையே தவறாது கட்டினாலும், மீதி 40,000 முதலோடு சேர்க்கப்பட்டு, ஓராண்டில் கடன் 55 இலட்சத்தைத் தாண்டும். தண்ட வட்டி வேறு. மறுபுறம், வீடு ஏலத்துக்கு வந்தால் அதற்குச் சந்தை விலை கிடைப்பதும் அரிது.

இந்நிலையில் தவணைக் காலத்தை நீட்டித் தருகிறோம் என்பது வெறும் ஆறுதல். 24 சதவீதத்தில் நூறாண்டு தந்தாலும் மாதம் ஓரிலட்சத்துக்குக் குறைய முடியாது. வட்டி வீதம் குறைய வேண்டும். 2023 நடுப்பகுதியிலிருந்து அது குறையத்தான் செய்தது. ஆனால் பிந்திய தவணைகள் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகியிருக்கும். கடனோ பெறுமதியை விஞ்சி நிற்கும். அத்தகையவருக்குக் கதவு திறக்க இன்னொரு வங்கி முன்வராது.

அமெரிக்கா 2009இல் இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஃபானி மே, ஃபிரெடி மாக் ஆகிய நிறுவனங்களிடமிருந்த கடன்களை, வீட்டின் பெறுமதி போதாதபோதும் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தவணைகளை ஒழுங்காகக் கட்டியவர்க்கே அது வாய்த்தது என்பது அதன் குறை. 2018 வரை நடந்தது. இங்கே செய்யப்பட்டது என்ன? நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலமிடும் பராட்டே அதிகாரம் 2024இல் இடைநிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. ஏலம் நின்றது, வட்டி நிற்கவில்லை.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. கடன் தந்தவர் காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். எத்தனை ஆண்டு சென்றாலும் முதல் வளராது. அனுபவம் கைவிட்டுப் போவதால் அதுவும் இனிப்பான ஏற்பாடன்று. ஆயினும் கடனுக்கு ஓர் எல்லை இருந்தது.

அந்த எல்லையைத்தான் கேட்கிறேன். கடன் தந்த வங்கியே சேர்ந்துபோன வட்டியையும் தண்டத்தையும் தனிக் கணக்காகப் பிரித்து, வட்டியின்றி இறுதியில் அறவிடட்டும். எஞ்சிய முதலுக்கு இன்றைய வீதத்தில் புதிய உடன்படிக்கை எழுதட்டும். மத்திய வங்கி இதனைப் பணிப்புரையாக்க வேண்டும். அதுவரை, கடன்பட்டவர்கள் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கூற்றொன்றைத் தத்தம் வங்கியிடம் எழுத்திலே கேட்டு வாங்குவது நல்லது.