கடுவனும் சாக்கும்

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பள்ளிக்காலம் தொட்டுப் பழகிவருபவர். ஓய்வுபெற்ற ஆசிரியர். நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். மச்சம் மாமிசம் தொட்டறியாதவர். வழமையான சுக விசாரிப்புகள் முடிந்த பின்னர், "ஒரு பெரிய கரைச்சல் விட்டுது மச்சான்" என்றார்.

விடயம் இதுதான். அவர் வீட்டிலே எட்டு மாதப் பருவத்தில் ஓர் இளங்கடுவன் பூனை வளர்ந்து வந்தது. புதிதாக உறை தைத்துப் போட்ட செற்றியிலே அது சலம் விடத் தொடங்கியது. நண்பர் அதன் மூக்கைப் பிடித்து ஈரத்திலே தேய்த்துப் பார்த்தார். ஈர்க்குமாற்றால் நாலு போட்டுப் பார்த்தார். டெற்றோல் ஊற்றிக் கழுவிப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. ஈற்றில் அதைச் சாக்கிலே போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் அவிழ்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"மிருக வைத்தியரிடம் காட்டி நலமடித்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சீ, அது பாவமெல்லே! வாயில்லாச் சீவன். கடவுள் குடுத்ததை வெட்டி எறிய நாங்கள் ஆர்?"

இந்தப் பதிலைக் கேட்ட நாளிலிருந்து என் மனம் ஒருநிலையில் இல்லை. நண்பர் மீதுள்ள கோபம் என்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியாது. இதே பதிலை நான் வேறு பல வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். கொழும்பிலே கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து பேசிய உறவினர் வாயிலும் கேட்டிருக்கிறேன். எனவே இது ஒரு மனிதரின் பேச்சு அல்ல, எம்மவர் மத்தியில் ஊறிப்போன ஒரு பாசாங்கு. அதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பாவத்தைப் பற்றிப் பேசுவோம். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் நலமடித்தல் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நாம்பன் மாட்டை நாலு பேர் சேர்ந்து விழுத்தி, காலைக் கட்டி, மயக்க மருந்து எதுவுமின்றி அந்தக் காரியத்தைச் செய்ததை என் தலைமுறை நேரில் கண்டது. அந்த மாடு எழுப்பிய ஓலத்தை இன்றைக்கும் என்னால் நினைவுகூர முடியும். அதே மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறியும் சுட்டார்கள். அப்போது எவரும் கடவுள் கொடுத்ததைப் பற்றிப் பேசவில்லை. மாடு வண்டி இழுக்க வேண்டும், கலப்பை இழுக்க வேண்டும். எமக்குப் பயன் இருந்தது, ஆகவே அது பாவமாகத் தெரியவில்லை. பூனையால் அப்படி ஒரு பயனும் இல்லை. செலவு மட்டுமே உண்டு. அதனாலேதான் திடீரென்று பாவம் வந்து குறுக்கே நிற்கிறது போலும்.

இன்று மிருக வைத்தியர் செய்வதோ முற்றிலும் வேறு. முழு மயக்கத்தில் செய்யப்படும் சிறு சத்திரசிகிச்சை அது. கடுவன் பூனைக்குப் பெரும்பாலும் தையல் கூடத் தேவைப்படுவதில்லை. காலையில் கொண்டுபோனால் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடலாம். இதைப் பாவம் என்று சொல்லும் வாய், சாக்கிலே கட்டிய பூனையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. வீட்டிலே சோறு தின்று வளர்ந்த பிராணிக்குச் சந்தை என்றால் என்னவென்று தெரியுமா? அங்கே ஏற்கனவே இடம் பிடித்து வைத்திருக்கும் முதிர்ந்த கடுவன்கள் இருக்கும். நாய்கள் இருக்கும். லொறிகள் இருக்கும். எட்டு மாதக் கடுவன் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை நண்பர் அறியாதவரல்லர். அறிந்துகொண்டே, தன் கையால் கொல்லவில்லை என்ற ஒரே காரணத்தால் நிம்மதியாக உறங்குகிறார். கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த திருக்குறளை முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர்.

சரி, அந்தக் கடுவன் செய்த குற்றந்தான் என்ன? இங்கேதான் அறியாமை ஆட்சி செய்கிறது. பூனை வன்மத்தால், பழிவாங்கும் எண்ணத்தால், எங்களுக்குப் பாடம் படிப்பிப்பதற்காகச் செற்றியை நனைக்கிறது என்று பலர் உளமார நம்புகிறார்கள். ஐந்து, ஆறு மாதம் கடந்த கடுவனின் உடலில் ஆண் சுரப்பு பெருகத் தொடங்குகிறது. அது தன் எல்லையைக் குறிக்கத் தொடங்குகிறது. வாலைச் செங்குத்தாக உயர்த்தி, வால் நுனி நடுங்க, சுவருக்கோ அலுமாரிக்கோ செற்றியின் பக்கத்துக்கோ பின்புறத்தைக் காட்டி நின்றபடியே சிறிதளவு பீச்சும். அந்த நாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பூனையின் சலத்திலே பெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது சிதையும்போதுதான் எம் மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை எழுகிறது. நலமடிக்காத கடுவனிலே அது மிக அதிகம். இது உண்டாவதில் கொக்சின் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு என்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்டார்கள். அதாவது, அந்த வாடை ஓர் அறிவித்தல் பலகை. அறிவித்தல் பலகை நட்டதற்காக ஈர்க்குமாற்றால் அடித்தால் பூனைக்கு என்ன விளங்கும்? இந்த மனிதன் ஆபத்தானவன் என்பது மட்டும் விளங்கும். பயந்த பூனை தன் எல்லையை இன்னும் கூடுதலாகவே குறிக்கும்.

பருவத்துக்கு வருமுன்போ வந்தவுடனேயோ நலமடித்தால், ஏறத்தாழப் பத்துக் கடுவன்களில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது தொடங்குவதே இல்லை. பழக்கம் மறையச் சில வாரங்கள் செல்லலாம். மறுநாளே பலன் இல்லையென்று வைத்தியரைத் திட்டுவதில் பயனில்லை. பத்தாவது பூனைக்கு வேறு காரணம் தேட வேண்டும். வீட்டுக்குப் புதிதாக வந்த இன்னொரு பூனையாக இருக்கலாம், யன்னலுக்கு வெளியே நடமாடும் அயல்வீட்டுக் கடுவனாகவும் இருக்கலாம். பெட்டைகளும் சில வேளைகளில் இப்படிச் செய்வதுண்டு.

கழுவும் விதத்திலும் கவனம் தேவை. டெற்றோல் போன்ற பீனோல் சேர்ந்த திரவங்கள் பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரல் அவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் குறைந்தது. கழுவிய செற்றியில் படுத்து, பின் தன் மயிரை நக்கும்போது அது உள்ளே போகிறது. அமோனியா கலந்த திரவங்களோ சலத்தின் வாடையையே நினைவூட்டிப் பூனையை மீண்டும் அதே இடத்துக்கு அழைத்து வரும். கடைகளில் கிடைக்கும் நொதியக் கழுவிகள் சிறந்தவை. அவை கிடைக்காத ஊரில் தண்ணீர் கலந்த வினாகிரி ஓரளவுக்கு உதவும்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டேயாக வேண்டும். நான் பத்திரிகையில் பக்கம் பார்த்த காலத்தில், பூனை அசுத்தம் செய்யும் இடத்தில் நப்தலின் உருண்டைகளைப் போட்டு வைக்கும்படி ஒரு வீட்டுக் குறிப்பை நானே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். நப்தலினும் பூனைக்கு நஞ்சுதான். எவரும் அன்று ஆட்சேபித்து எழுதவில்லை. எத்தனை வீடுகளில் அதைப் பின்பற்றினார்களோ! பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில் சரிபார்க்காமல் விட்டது என் பிழை. ஆகவே நண்பரின் அறியாமையை நான் உயரத்தில் நின்று பழிக்கவில்லை.

ஆனால் நான் இன்னும் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. என் கோபத்தின் மெய்யான காரணமும் அதுவே.

பேச்சின் நடுவே நண்பரிடம், "நின்று பீச்சியதா, குந்தி இருந்து விட்டதா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "குந்தித்தான். துளித்துளியாக. ஒரு இடமில்லை, நாலைஞ்சு இடம். குந்திக் குந்தி எழும்பும். கத்தும். கடைசி நாள் உறையிலை இளஞ்சிவப்பாய்க் கிடந்தது. சாயம் போட்டுதாக்கும் எண்டு மனிசி சொன்னாள்."

அது சாயம் அல்ல, இரத்தம்.

எல்லை குறிக்கும் கடுவன் நின்று பீச்சும். குந்தியிருந்து முக்கி, துளித்துளியாக விட்டு, கத்தும் கடுவன் நோயாளி. ஆண் பூனையின் சலக்குழாய் மிக ஒடுங்கியது. நீர்ப்பையில் அழற்சி ஏற்பட்டாலோ, மணல் போன்ற பளிங்குகள் சேர்ந்தாலோ அந்தக் குழாய் அடைபட்டுப் போகலாம். முற்றாக அடைபட்டால் கழிவுகள் இரத்தத்திலே தேங்கும், பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும். ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடக்கூடிய அவசர நிலை அது. நோவுக்கென்று எங்கள் வீடுகளில் கிடக்கும் பரசிற்றமோல் குளிசையைக் கொடுத்தால் இன்னும் விரைவிலேயே போய்விடும். மிருக வைத்தியர் குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கும். மணல் தட்டிலே நோவு கண்ட பூனை தட்டையே வெறுத்து, மெத்தென்ற இடம் தேடிச் செற்றிக்கும் கட்டிலுக்கும் வருவது வழமை. நண்பரின் கடுவன் தன் நோயைத் தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அந்த வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கிடைத்தது ஈர்க்குமாறும் சாக்கும்.

மறுநாள் காலையில் நானும் நண்பரின் பேரப்பிள்ளையும் சந்தைக்குப் பின்புறம் தேடினோம். மரக்கறி விற்கும் ஓர் அம்மா, "சாம்பல் நிறக் கடுவனோ? முந்தநாள் அந்தப் பெட்டியளுக்குப் பின்னாலை கிடந்து கத்திச்சுது தம்பி" என்று சொன்னார். எழுபதைத் தாண்டிய என்னை அவர் தம்பி என்றது வேறு விடயம். பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் முடிவிலே வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நாங்கள் புறப்பட்டபோது வீட்டுப் பூனையை விட்டுவிட்டுத்தான் போனோம். வேறு வழி இருக்கவில்லை. அன்று எங்களைத் துரத்தியது யுத்தம். இன்று நண்பரைத் துரத்தியது ஒரு செற்றி உறை. இரண்டையும் ஒரே தட்டிலே வைத்து, "முந்தியும் விட்டிட்டுத்தானே போனம்" என்று அவர் வாதாடியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செலவைப் பற்றியும் சொல்வார்கள். உண்மைதான், ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்குச் சத்திரசிகிச்சை ஒரு சுமை. நாட்டின் ஒரேயொரு மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. வடக்கிலே ஆடு மாடுகளைப் பார்த்த அளவுக்குப் பூனையைப் பார்த்துப் பழகிய வைத்தியர்கள் குறைவு என்பதும் உண்மையே. 1907 இல் எழுதப்பட்ட மிருக வதைத் தடுப்புச் சட்டம் நூறு ரூபாத் தண்டத்தோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. அரசின் மீதும் மாகாண நிருவாகத்தின் மீதும் எனக்குள்ள குறைகளைத் தனியாக எழுதுவேன். ஆனால் செற்றிக்குப் புது உறை தைக்கப் பணம் இருந்தது, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கப் பணம் இருந்தது என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

நண்பர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பின்னர் அவரே எடுத்தார். பேரப்பிள்ளை அழுது பிடித்து இன்னொரு குட்டி கொண்டுவந்திருக்கிறானாம். இதுவும் கடுவன்தானாம். இப்போது இரண்டு மாதம். மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார், கொடுத்தேன். சோறும் பாலும் மட்டும் போட்டால் பூனை வாழாது, அதற்கு மீனோ இறைச்சியோ வேண்டும் என்றும் சொன்னேன். மச்சம் புழங்காத வீடாயிற்றே என்று தயங்கினார். மதிலுக்கு வெளியே வைத்துக் கொடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.