பெருங்கடவிளைச் சித்தியும் ஸ்கார்பரோ குளிரும்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஒன்றுதான். "லீவுக்கு எங்க போறீங்க?" ஃப்ளோரிடா, கான்கூன், கப்பல் பயணம் என்று ஆளுக்கொரு பதில் வரும். "கனடாவுக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்று நான் சொன்னால், பாவம் இவனுக்கு என்ன கஷ்டமோ என்கிற மாதிரி பார்ப்பார்கள். நம்ம ஆட்களும் விடுவதில்லை. "இந்தக் குளிர்ல எதுக்கு சார்? அவங்க வீட்டுல போய் உக்காந்து அவங்களையும் கஷ்டப்படுத்தி... ஒரு ஹோட்டல் ரூம் போட்டா நிம்மதி" என்பார்கள்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். குளிர்காலத்தில்தான் போகணும், வீட்டில்தான் தங்கணும். ஆனால் எப்படித் தங்குகிறோம், தங்கிய வீட்டில் யார் தலையில் சுமையை ஏற்றுகிறோம் என்பதில்தான் நம்மில் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். நானும் விட்டேன். அதைச் சொல்லிவிட்டு என் கட்சிக்கு வருகிறேன். 2013 டிசம்பருக்குக் கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஊர்க்கதை கொஞ்சம். எங்களுக்குப் பெருங்கடவிளை. நெய்யாற்றின்கரை தாலுகா, திருவனந்தபுரம் மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம் என்று வளர்ந்த தலைமுறை எங்கள் பக்கம் ஏராளம். நான் நாலு எழுத்து தமிழில் எழுதுவது அப்பாவின் பிடிவாதத்தால். களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏற்றிப் படிக்க அனுப்பினார். சித்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாய் திறந்தால் தமிழ், பேப்பர் படிப்பது மலையாளம்.

சித்தி மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு, 2013 அக்டோபரில் ஸ்கார்பரோவில் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்கச் சித்தி சூப்பர் விசாவில் வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் முதல் விமானப் பயணம். நாங்கள் நியூஜெர்சியில். சித்தியையும் பார்த்த மாதிரி, கிறிஸ்துமஸ் லீவையும் கழித்த மாதிரி என்று 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நான், தங்கமணி, பிள்ளைகள் இரண்டு பேர் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பனி. இரவு போய்ச் சேர்ந்தபோது வாசலில் சித்தி, மேலே மருமகனின் பெரிய ஜாக்கெட், கீழே சேலை, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

"மக்கா, வந்தியா? பிள்ளையள உள்ள கூட்டிட்டு வா, வாட அடிக்குது."

மேஜையில் மரச்சீனி, மீன் கறி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. மரச்சீனி எந்த ஊரிலிருந்தோ ஐஸில் உறைந்து வந்த பாக்கெட். ஆனாலும் கை சித்தியின் கை. நான் சாப்பிட்ட சாப்பாட்டை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது :-)

சனிக்கிழமை காலையில் புட்டும் பயறும் பப்படமும். மதியம் அவியல், பருப்பு, மீன் பொரியல். ராத்திரி பிள்ளைகளுக்குத் தோசை, எங்களுக்குக் கஞ்சி. நடுவில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, தாய்க்குப் பத்தியச் சமையல். "சித்தி, நீங்க இருந்தா ஊர்ல இருக்க மாதிரியே இருக்கு" என்று நான் டயலாக் விட்டேன். தங்கமணிதான் ராத்திரி படுக்கும்போது சொன்னாள்: "நாம வந்ததிலேருந்து அவங்க உக்காந்து நீங்க பாத்தீங்களா?" ஙே என்று முழித்தேன். யோசித்துப் பார்த்தால், இல்லை.

அன்று ராத்திரிதான் அந்த ஐஸ் புயல். இதை அனுபவிக்காதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். மேலே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பு, தரையை ஒட்டிப் பூச்சியத்துக்குக் கீழே. மழை தண்ணீராகத்தான் விழும், ஆனால் மரக்கிளை, மின்கம்பி எதைத் தொட்டாலும் அங்கேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பாரம் தாங்காமல் கிளைகள் முறியும், முறிந்த கிளை கம்பி மேல் விழும். டொராண்டோ மரங்கள் நிறைந்த ஊர். விடிந்தால் 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நகரத்தில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. ஸ்கார்பரோவில் அடி பலம்.

சித்தி அலட்டிக்கொள்ளவே இல்லை. "கரண்டு போனா என்ன மக்கா, நம்ம ஊர்ல மழை பெஞ்சா ரெண்டு நாளு வராதுல்லா?" என்றார். அங்கே கரண்ட் போனால் விசிறிதான் நிற்கும். இங்கே வீட்டுச் சூடே நின்றுபோகும். எரிவது காஸ்தான் என்றாலும் சூட்டுக் காற்றை வீடு முழுக்கத் தள்ளுகிற விசிறி ஓடுவது கரண்டில். அடுப்பும் கரண்ட் அடுப்பு. சாயங்காலம் 4.45-க்கு வெளிச்சம் போனது. வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை. இரண்டு மாதக் குழந்தையைத் தங்கை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சித்தி பின்பக்கம் கிடந்த பார்பெக்யூ கரியைப் பார்த்தார். "பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுத மாதிரி ஒரு சட்டியில கொஞ்சம் கங்கு கொண்டாந்து வச்சா ரூம்பு சூடாவும்" என்றார். ஊரில் நாலு பக்கமும் காற்று போகிற ஓட்டு வீட்டில் அது சரி. இங்கே காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டிய வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூட வராது, தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும். அந்தப் புயலில் ஒன்டாரியோவில் இந்த வாயுவுக்கு உயிர்கள் பலியானது உண்மை. நான் பதறிப்போய் கத்திவிட்டேன். சித்தி முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு இங்கத்த ஒண்ணும் தெரியாதுல்லா" என்று சட்டியைக் கீழே வைத்தார். பயத்தில் கத்தியது நியாயம்தான். ஆனால் அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அரை மணி நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். எதிர்வீட்டு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். கையில் டார்ச். "பிள்ளையோட இந்தக் குளிருக்குள்ள இருக்காதேங்கோ. எங்கட வீட்டில காஸ் நெருப்பு எரியுது, எல்லாரும் வாங்கோ." அவர்கள் வீட்டில் இருந்தது புகைபோக்கி வைத்த பழைய மாடல் காஸ் கணப்பு. கரண்ட் இல்லாமலே எரியும். அவர்கள் நாலு பேர், நாங்கள் எட்டுப் பேர், ஒரே ஹாலில் 26-ஆம் தேதி சாயங்காலம் வரை கிடந்தோம். கிறிஸ்துமஸும் அங்கேதான். பகலில் பக்கத்துச் சமூக நிலையத்தில் திறந்திருந்த முகாமுக்குப் போய் போன் சார்ஜ் போட்டு வருவோம். மழை விட்ட பிறகு வெளியே குளிர் மைனஸ் பத்தைத் தாண்டிக் கீழே போனது.

இரண்டாவது ராத்திரி. பிள்ளைகள் தூங்கியாச்சு. எங்கள் புட்டும் அவர்கள் பிட்டும் எங்கே வேறுபடுகிறது என்று இரண்டு அம்மாக்களும் பேச்சில் மும்முரம். எங்கள் ஊர் "வந்தியளா"வும் அவர்கள் ஊர் "வந்தனியளோ"வும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. இரண்டு பேரையும் "நீங்க மலையாளமா?" என்று கேட்கிறார்களாம், அதில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சித்தி சொன்னார்: "நான் வந்து மூணு மாசம் ஆவப் போவுது. இன்னைக்குத்தான் ஒரு ஆளுகிட்ட உக்காந்து பேசுறேன். எனக்க வீட்டுக்கு எப்பப் போவேன்னு இருக்கு."

தங்கை விழித்துத்தான் இருந்தாள். நானும். இரண்டு பேரும் தூங்குகிற மாதிரியே கிடந்தோம்.

சரி, இப்போது என் கட்சி.

நாம் அம்மா அப்பாவை "வந்து ஜாலியா இருங்க" என்று கூப்பிடுகிறோம். டிக்கெட் எடுக்கிறோம், நயாகராவில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். ஆனால் உண்மையில் நாம் கூப்பிடுவது பிரசவம் பார்க்க, பிள்ளை வளர்க்க, சமைக்க. அதில் தப்பே இல்லை, அவர்களும் ஆசையாகத்தான் செய்கிறார்கள். தப்பு எங்கே என்றால், அது வேலை என்று நாம் ஒப்புக்கொள்ளாததில். வேலை என்று ஒப்புக்கொண்டால் ஓய்வு கொடுக்கணும். விருந்தாளி என்று சொல்லிவிட்டால் எதுவும் கொடுக்க வேண்டாம், வசதி!

இதில் குளிர்காலம் சேர்ந்தால் இரட்டிப்பு. பெருங்கடவிளையில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. டொராண்டோவில் ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. ஊரில் காலையில் ரப்பர் வெட்டுகிறவரிடம் ஒரு பேச்சு, பால்காரரிடம் ஒரு பேச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சு என்று வாழ்ந்தவரை நாலு சுவருக்குள் உட்காரவைத்துவிட்டு, ஹீட்டர் போட்டிருக்கே, டிவி இருக்கே என்கிறோம். சித்திக்கு வெளியே போகப் பனி பூட்ஸ்கூட யாரும் வாங்கித் தரவில்லை. "அவங்க எங்க வெளிய போகப்போறாங்க?" என்பது காரணம். பூட்ஸ் இல்லாததால்தான் போகவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அறுபதடி தூரத்தில் ஒரு சிநேகிதி இருந்திருக்கிறார், கரண்ட் போனதால் கண்டுபிடித்தோம்.

அப்போது சூப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் இரண்டு வருடம் இருக்கலாம். 2022 ஜூலையிலிருந்து ஐந்து வருடம். நல்ல விஷயம்தான். ஆனால் ஐந்து வருடம் என்றால் ஐந்து குளிர்காலம் என்று யாராவது கணக்குப் போடுகிறோமா? விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்கிறது அரசாங்கம். மனசுக்குக் காப்பீடு நாம்தான் போடணும்.

"அப்படியானால் நீங்களும் போய் பாரம் ஏற்றாமல் ஹோட்டலில் தங்கியிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹோட்டலில் தங்கியிருந்தால் சித்தி எங்களுக்கு மூன்று வேளை சமைத்திருக்க மாட்டார். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயிருப்போம், அவர் உட்காராமல் இருப்பதைத் தங்கமணி பார்த்திருக்க மாட்டாள். கோடையில் போயிருந்தால் ஊர் சுற்றவே நேரம் சரியாக இருந்திருக்கும். குளிர் நம்மை ஒரே கூரைக்குள் அடைக்கிறது, அடைபட்டால்தான் அந்த வீட்டின் உண்மை தெரிகிறது. ஒற்றை ரூம் அபார்ட்மெண்ட், ஆஸ்துமா இருக்கிற பிள்ளை, ஏற்கெனவே மனஸ்தாபம் என்றால் தாராளமாக ஹோட்டல் போடுங்கள். மற்றவர்கள் வீட்டுக்கே போங்கள்.

போகிறவர்களுக்கும் கூப்பிடுகிறவர்களுக்கும் நான் பட்டு அறிந்த சட்டங்கள்:

1. ஒரு நாளில் ஒரு வேளைச் சமையல் வந்தவர்களுடையது. கேட்காமல் செய்யணும். "நான் பண்ணட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் நம் ஊரில் பதில் வரும்.

2. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது உள்ளூர் விருந்துக்கு. எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனால் ஐந்து நாள் இருக்கலாம். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். குப்பையை எடுத்துப் போடுங்கள், வாசல் பனியை அள்ளுங்கள்.

3. பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பூட்ஸ், ஜாக்கெட், தனி போன். வந்த முதல் வாரமே அக்கம்பக்கத்தில் அவர்கள் வயதில் பேச்சுத்துணைக்கு ஒருவர். கோயிலோ சர்ச்சோ முதியோர் சங்கமோ, வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்று.

4. கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வந்திருக்கிற பெரியவர்களுக்கு அது எதற்கு என்று பொறுமையாக, கத்தாமல், முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. "எப்ப ஊருக்குப் போகணும்?" என்று அவர்களிடம் மாதம் ஒரு தடவை கேளுங்கள். சொல்லும் தேதிக்கு டிக்கெட் போடுங்கள்.

தங்கை ஐந்தாவதைச் செய்தாள். ஜனவரிக்கே கேட்டாள். ஆனால் சித்தி ஜூன் வரை இருந்துவிட்டுத்தான் போனார். தினமும் பதினொரு மணிக்குப் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவதைத் தங்கை போனில் சொல்வாள். அந்த அம்மா தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிப்பாராம், இவர் கேட்பாராம்.

இப்போது சித்தி பெருங்கடவிளையில். ஒவ்வொரு டிசம்பரும் போன் போட்டு முதலில் கேட்பது, "அவியளுக்குக் கரண்டு உண்டா?" அவியள் என்பது நாங்களோ தங்கையோ இல்லை, எதிர்வீடு.

இந்த டிசம்பரும் நாங்கள் ஸ்கார்பரோதான். முதல் நாள் ராத்திரிச் சமையல் என்னுடையது.

டிஸ்கி: அந்த ராத்திரி நான் கத்தியதற்குச் சித்தியிடம் மன்னிப்புக் கேட்க நாலு வருடம் ஆனது. "அது எப்ப மக்கா?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, தெரியவில்லை.