மலைக்கு நடுவே சூரியன் வேண்டாம்

‘இயற்கைக் காட்சி வரை’ என்றால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று எந்த ஓவிய ஆசிரியரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையையே பார்த்திராத டெல்டாப் பிள்ளையும் இதைத்தான் வரையும். அந்தப் படம் ஆடியா, மார்கழியா என்று சொல்ல முடியாது. ஆள் நடமாட்டமும் இருக்காது. பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வாய்ப்பாட்டை வகுப்பறையிலிருந்து அகற்ற வேண்டும்.

அதற்கு மாற்றாக நான் பிள்ளைகளிடம் காட்டி வந்தது, பிரெஞ்சு ஓவியர் ழூல் பாஸ்தியன்-லெபாஜ் 1877இல் வரைந்த ‘புல்லறுப்பு’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தின் அச்சுப் பிரதி. அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது; 160 செ.மீ. உயரம், 195 செ.மீ. அகலம். அறுத்துப் போட்ட புல்லுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கால்களை நீட்டியிருக்கிறாள். கைகள் ஓய்ந்து கிடக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண் திறந்திருந்தாலும் அவள் எதையும் பார்க்கவில்லை. பின்னால் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடி மல்லாந்து கிடக்கிறார். 1878இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அந்தப் பெண் அழகாக இல்லை என்று குறைபட்டவர்களும் உண்டு. உடம்பு ஓய்ந்துபோன நேரத்தில் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அது. எனக்கு அதைவிட மரியாதையான சித்திரிப்பு தெரியாது.

“ஏன் சார் வானத்தை இவ்ளோ கம்மியா விட்டிருக்காரு?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தொடுவானம் படத்தின் உச்சிக்கு அருகே ஏறி நிற்கிறது, மீதியெல்லாம் நிலம். அந்தப் பெண்ணால் நிலத்தைவிட்டு எழ முடியாது என்று நமக்குத் தோன்றுவதே அதனால்தான். வெளிச்சமும் அப்படித்தான்: சுள்ளென்ற வெயிலோ அழுத்தமான நிழலோ இல்லை, எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. முகத்தை நுணுக்கமாகத் தீட்டியவர், தூரத்து வயலை அகலமான தூரிகை வீச்சுகளில் விட்டுவிட்டார். ‘அச்சு அசலா போட்டோ மாதிரியே இருக்கு’ என்று இத்தகைய படங்களைப் பாராட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. எதைத் துல்லியமாக்குவது, எதை மங்கவிடுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார்.

அவர் பாரிஸில் ஓவியம் படித்தவர். ஆனால் வரைவதற்குத் திரும்பத் திரும்பப் போனது, தான் 1848இல் பிறந்த தாம்வில்லே என்ற கிராமத்துக்கு. உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மாடலாக இருந்தவர் அவருடைய உறவுக்காரப் பெண். மறுவருடம் அதே மண்ணில் உருளைக்கிழங்கு பொறுக்கும் பெண்களை வரைந்து, தலைப்பிலேயே அக்டோபர் என்று மாதத்தையும் சேர்த்தார். அந்த ஓவியம் இப்போது மெல்பர்னில் இருக்கிறது. 1884இல், 36 வயதில் இறந்துவிட்டார். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1841இல், பிதுக்கி எடுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டிருந்தது. எண்ணெய் வண்ணத்தை வயலுக்குத் தூக்கிப்போவது அதனால் எளிதானது.

இந்தப் படத்தைப் பார்த்தபின் என் மாணவி ஒருத்தி, நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருக்கும் தன் அம்மாவை வரைந்தாள். முழங்கால்வரை சேறு. பக்கத்தில் தூக்குவாளி. புடவையை இழுத்துச் செருகியிருந்த விதத்தைக்கூட அந்தப் பெண் விடவில்லை. போட்டிக்கு அனுப்பினேன். ‘இயற்கைக் காட்சி’ என்ற தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பரிசு பெற்ற படத்தில் இரண்டு மலையும் சூரியனும் இருந்தன. எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா வேலை செய்யும் வயல் இயற்கை இல்லையென்றால், அந்தப் பிள்ளை வேறு எந்த இயற்கையைத் தேடிப்போகும்?

போட்டி நடத்துகிறவர்கள் தலைப்பில் மாதத்தையும் வேலையையும் சேர்த்துக் கொடுக்கட்டும்: ‘தை அறுவடையில் எங்கள் ஊர்’, ‘ஐப்பசி மழையில் மீன் விற்பவர்’. நடவு நடக்கும் நாளில் ஓவியப் பீரியடை வரப்பில் நடத்தத் தலைமையாசிரியர்கள் அனுமதி தரட்டும். வண்ணப்பெட்டிகூடத் தேவையில்லை, பரீட்சை அட்டையும் பென்சிலும் போதும்.